நெல்வயல் டிராக்டர் டயர்

நெல்வயல் டிராக்டர் டயர் என்பது நீர் நிறுத்தி உழப்படும் சேற்று வயலில் வழுக்காமல் இழுப்பதற்காக, ஆழமான ரப்பர்க் கட்டைகளுடன் வடிவமைக்கப்பட்ட டிராக்டர் பின்சக்கர டயர் ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் ஒரே டிராக்டர் காலையில் சேற்று உழவு செய்கிறது. மாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைத் தார்ச்சாலையில் இழுத்துச் செல்கிறது. சேற்றில் நன்கு பிடிக்கும் டயர் சாலையில் குறைவாகவே பிடிக்கும், விரைவில் தேயும், நிறுத்தும் தொலைவையும் கூட்டும். ஆகவே டயரைத் தெரிவு செய்வது விளைச்சல், எரிபொருட் செலவு, சாலைப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பாதிக்கும் முடிவாகும்.

பிடிமானம் என்பது டயருக்கு மட்டும் உரிய பண்பு அன்று. அது டயரும் தரையும் சேர்ந்து உருவாக்குவது. இக்கட்டுரை அந்த உறவையும், காவிரிப் படுகையின் சூழலில் டயரைத் தெரிவு செய்யும் முறையையும் விளக்குகிறது.

## பெயர்

தமிழ்நாட்டில் இவ்வியந்திரம் டிராக்டர் என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழில் உழவு இயந்திரம் என்ற பெயர் வழங்குகிறது. டயர் என்பதற்கு வட்டகை, உருளிப்பட்டை முதலிய கலைச்சொற்கள் முன்வைக்கப்பட்டிருந்தாலும் பேச்சிலும் கடைகளிலும் டயர் என்பதே நிலைபெற்றுள்ளது. சேற்று உழவுக்கு டயருடன் அல்லது டயருக்குப் பதிலாகப் பொருத்தப்படும் இரும்புக் கூண்டு, கேஜ் வீல் எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது கூண்டுச் சக்கரம் என்றும் குறிக்கப்படும்.

## வரலாறு

தொடக்கக் கால டிராக்டர்கள் இரும்புச் சக்கரங்களில் ஓடின. அச்சக்கரங்களில் பொருத்தப்பட்ட இரும்புப் பற்கள் மண்ணைக் குத்திப் பிடித்தன. ஆனால் சாலையைச் சிதைத்தன, ஓட்டுநரைக் கடுமையாக உலுக்கின. காற்றடைத்த டயரை ஜான் பாய்டு டன்லப் 1888 இல் மிதிவண்டிக்கு உருவாக்கியிருந்தாலும், அது வயலுக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1932 இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் துணையுடன், குறைந்த காற்றழுத்த ரப்பர் டயர்களைத் தன் 'யூ' வகை டிராக்டரில் பொருத்தியது. ரப்பர் டயரின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட, கார் பந்தய வீரர் பார்னி ஓல்டுஃபீல்டு 1933 இல் அத்தகைய டிராக்டரை மணிக்கு 64 மைல் (ஏறத்தாழ 103 கி.மீ.) வேகத்தில் ஓட்டினார். அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே இரும்புச் சக்கரம் அந்நாட்டு வயல்களிலிருந்து மறையத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒத்த மாற்றம் மாட்டு வண்டியிலும் நிகழ்ந்தது. இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரங்கள் கொண்ட கட்டை வண்டிக்கு மாற்றாக, காற்றடைத்த டயர் பொருத்திய டயர் வண்டி வந்தது. ஒரே இணை மாடுகள் கூடுதல் சுமையை இழுக்க முடிந்தது. சாலையும் குறைவாகச் சேதமடைந்தது.

1960-61 இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தெரிவு செய்யப்பட்ட மாவட்டங்களுள் அன்றைய தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று. 1960களின் நடுப்பகுதியில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வகை குறுவைப் பருவத்தில் பரவியது. குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சில வாரங்களே. அந்த இடைவெளிக்குள் உழவை முடிக்க வேண்டிய தேவை, எருமைகளும் மாடுகளும் பூட்டிய ஏருக்குப் பக்கத்தில் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் இடம் அளித்தது.

டிராக்டர், டயர் ஆகிய இரு தொழில்களும் தமிழ்நாட்டில் வேரூன்றியவை. டாஃபே நிறுவனம் 1960 இல் சென்னையில் நிறுவப்பட்டது. 1946 இல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952 இல் டயர்களைப் புதுப்பிக்கப் பயன்படும் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கி, 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது. மதுரையைச் சார்ந்த டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனமும் வேளாண் டயர்களைத் தயாரிக்கிறது.

## காவிரிப் படுகையின் மண்ணும் பருவமும்

மேட்டூர் அணை வழமையாக சூன் 12 இல் திறக்கப்பட்டு சனவரி 28 இல் மூடப்படுகிறது. அணைக்கு வரும் நீரைப் பொறுத்துத் திறக்கும் நாள் ஆண்டுதோறும் மாறுவதுண்டு. இந்நீரை ஒட்டிக் குறுவை, சம்பா, தாளடி என்னும் மூன்று நெற்பருவங்கள் அமைகின்றன. டயரின் நோக்கில் இவை ஒன்றுபோல் அல்ல.

* குறுவைக்குச் சூன், சூலை மாதங்களில் ஆற்றுநீரையோ ஆழ்குழாய்க் கிணற்று நீரையோ கொண்டு சேறு கலக்கப்படுகிறது. கோடையில் காய்ந்த அடிமண் அப்போது உறுதியாக இருக்கும்.
* தாளடிக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், குறுவைத் தாள் மடிந்த ஈர வயலிலேயே மீண்டும் உழப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் வயல் முழுமையாகக் காய்வதில்லை. டிராக்டர்கள் மிகுதியாகப் புதைவது இப்பருவத்திலேயே.
* கடைமடைப் பகுதிகளில் சம்பாவுக்குப் புழுதி உழவு செய்து நேரடியாக விதைப்பதும் வழக்கம். இதற்குச் சேற்றுக்குரிய சிறப்பு டயர் தேவையில்லை.

மண்ணும் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. காவிரி, வெண்ணாறு பாசனம் பெறும் பழைய படுகையில் களிமண் மிகுந்துள்ளது. மண் ஆய்வாளர் களத்தூர், ஆடனூர் எனப் பெயரிட்டுள்ள மண்தொடர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 1934 இல் முடிவுற்ற காவிரி-மேட்டூர்த் திட்டத்தின் கல்லணைக் கால்வாயால் பாசனம் பெறும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளான புதிய படுகையில் மணற்பாங்கான செம்மண்ணும் இருமண்ணும் பரவலாக உள்ளன. மன்னார்குடியின் களிமண் வயலில் திறம்பட உழும் டிராக்டர் பட்டுக்கோட்டையில் அதே அமைப்புடன் திறம்பட உழும் என்று கொள்ள முடியாது. இதன் காரணத்தை அடுத்த பகுதி விளக்குகிறது.

## பிடிமானம் உருவாகும் முறை

### தார்ச்சாலையில்

கெட்டியான, உலர்ந்த தரையில் பிடிமானம் முதன்மையாக உராய்வினால் கிடைக்கிறது. ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. தரையைத் தொடும் ரப்பர் மென்மையாகவும் பரப்பில் மிகுந்தும் இருந்தால் பிடிமானம் கூடும். டயரில் உள்ள வெட்டுகளின் முதன்மையான பணி மழைநீரை வெளியேற்றுவதாகும். உலர்ந்த சாலையில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை.

### வயலில்

சேற்றில் டயர் மண்ணின் மீது வழுக்குவதில்லை. கட்டைகளுக்கு இடையே சிக்கிய மண், கீழுள்ள மண்ணிலிருந்து அறுந்து நகர்கிறது. ஆகவே அங்கு பிடிமானத்தின் எல்லை மண்ணின் வெட்டு வலிமையே. பிரெஞ்சு அறிஞர் கூலோம் 1776 இல் வெளியிட்ட விதியின்படி இவ்வலிமைக்கு இரண்டு கூறுகள் உண்டு.

* ஒட்டுத்தன்மை: மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமை. இது எடையைச் சார்ந்ததன்று, பரப்பைச் சார்ந்தது.
* உள் உராய்வு: துகள்கள் ஒன்றன்மீது ஒன்று உரசுவதால் வரும் வலிமை. இது மேலிருந்து அழுத்தும் எடையைச் சார்ந்தது.

நீரில் ஊறிய களிமண்ணில் உள் உராய்வு மிகக் குறைவு, ஒட்டுத்தன்மையே முக்கியம். மணலில் இதற்கு மாறாக உள் உராய்வே முக்கியம். இக்கருத்துகளைக் கொண்டு வாகனத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை ஆராயும் துறையை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எம். ஜி. பெக்கர் வளர்த்தெடுத்தார். அவரது முதன்மை நூல் 1956 இல் வெளிவந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 0.4 சதுர மீட்டர் பரப்பில் மண்ணை அழுத்துவதாகவும், ஊறிய களிமண்ணின் ஒட்டுத்தன்மை ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்றும் கொண்டால், கிடைக்கக்கூடிய உச்ச உந்துவிசை 4 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. டிராக்டரின் மேல் மேலும் 200 கிலோ ஏற்றினாலும் இது கூடாது. சக்கரம் ஆழமாகப் புதைவதே மிச்சம். மாறாக, கூண்டுச் சக்கரம் பொருத்திப் பரப்பை இரு மடங்காக்கினால் உந்துவிசையும் ஏறத்தாழ இரு மடங்காகும். மணற்பாங்கான மண்ணில் கணக்கு வேறு: அங்கு சக்கரத்தின் மேல் எடை சேர்த்தால் இழுவிசை கூடும்.

எனவே களிமண் வயலில் பரப்பும், மணற்பாங்கான வயலில் எடையும் உதவுகின்றன. சக்கரம் சுழல்கிறது என்றதும் ஆட்களை மட்கார்டின் மீது ஏற்றி நிறுத்தும் வழக்கம் பழைய படுகையின் சேற்றில் பயனளிப்பதில்லை. விழுந்தால் சக்கரத்தில் சிக்கும் பேரிடரையும் உண்டாக்குகிறது.

### அடித்தட்டு

சேற்று வயலில் மூன்றாவது கூறு ஒன்றும் உண்டு. ஆண்டாண்டாகச் சேறு கலக்கிய வயலில் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் இறுகிய அடித்தட்டு உருவாகியிருக்கும். நீரைத் தேக்கி வைப்பதும் டிராக்டரைத் தாங்குவதும் இதுவே. நீண்ட கட்டைகள் கொண்ட டயரின் நோக்கம் குழைந்த சேற்றைக் கடந்து இந்த அடித்தட்டை எட்டிப் பிடிப்பதாகும்.

## வகைகள்

வேளாண் டயர்கள் அவற்றின் கட்டை அமைப்பைக் கொண்டு பன்னாட்டளவில் குறியீடுகளால் வகைப்படுத்தப்படுகின்றன. பின்சக்கரங்களுக்கு உரிய முதன்மைக் குறியீடுகள்:

* ஆர்-1: பொதுவான வயல் டயர். புழுதி உழவு, மிதமான சேறு, சாலை ஆகிய மூன்றுக்கும் ஓரளவு பொருந்தும். இந்தியாவில் மிகப் பரவலானது.
* ஆர்-1 டபிள்யூ: ஈர வயலுக்கு உரியது. கட்டைகள் ஆர்-1 ஐ விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை உயரமானவை.
* ஆர்-2: நெல், கரும்பு வயல்களுக்கு உரியது. கட்டைகள் ஆர்-1 இன் இரு மடங்கை நெருங்கும் உயரம் உடையவை, இடைவெளியும் மிகுதி.
* ஆர்-3: புல்தரைக்கும் மணலுக்கும் உரிய, உயரம் குறைந்த கட்டைகள்.
* ஆர்-4: கட்டுமானப் பணிகளுக்கும் கெட்டித் தரைக்கும் உரிய, அகன்ற கட்டைகள்.

முன்சக்கரங்களுக்கு வரிவரியான வளையங்கள் கொண்ட டயர் பயன்படுகிறது. இவ்வளையங்கள் இழுப்பதற்கு அல்ல, சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் திரும்புவதற்கு. நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டரில் முன்சக்கரங்களிலும் கட்டை டயரே இருக்கும்.

சேற்றுக்குரிய ஏனைய அமைப்புகள்:

* முழுக் கூண்டுச் சக்கரம்: டயரைக் கழற்றிவிட்டு அதனிடத்தில் பொருத்தப்படுவது. பவர் டில்லர்களில் மிகுதியாகக் காணப்படும்.
* அரைக் கூண்டுச் சக்கரம்: டயரின் வெளிப்புறத்தில் போல்ட்டுகளால் இணைக்கப்படுவது. பரப்பைக் கூட்டுவதோடு சேற்றைக் கலக்கியும் கொடுக்கும்.
* பெல்ட்: அறுவடை இயந்திரங்களில் காணப்படும் ரப்பர்ச் சங்கிலித் தடம். எடையை மிக அகன்ற பரப்பில் பரப்புவதால் புதைவது குறைவு. இது நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு உரியதன்று. வயலுக்கு வயல் லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்லப்படுகிறது.

## சேற்றுப் பிடிமானமும் சாலைப் பிடிமானமும்

ஆர்-2 போன்ற டயர் தார்ச்சாலையில் நிற்கும்போது தரையைத் தொடுவது கட்டைகளின் நுனி மட்டுமே. தடப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே உண்மையில் ரப்பர் படுகிறது. இதனால் பின்வரும் விளைவுகள் ஏற்படுகின்றன.

* பிரேக் பிடிக்கும்போது உயர்ந்த கட்டைகள் வளைகின்றன. வண்டி நிற்கும் தொலைவு கூடுகிறது.
* வளைந்து நிமிரும் கட்டைகளில் வெப்பம் உண்டாகி, அவை அடிப்பகுதியில் வெடிக்கக்கூடும். சுமையும் வேகமும் மிகுந்தால் இது விரைவுபடும்.
* வயலில் பல பருவங்கள் உழைக்கக்கூடிய டயர், சாலை ஓட்டத்தில் கட்டைகளின் நுனி உருண்டு தேய்ந்து, வயலிலும் பயனற்றுப் போகிறது.
* திருப்பங்களில் வண்டி அசைந்தாடுகிறது. காற்றழுத்தம் குறைவாக இருந்தால் இது மேலும் கூடும்.

இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து பந்தய உலகிலும் காணப்படுகிறது. நேர்த்தடத்தில் குறுகிய தொலைவை விரைந்து கடக்கும் டிராக் பந்தயத்திற்கு உரிய டயர்கள் மிக மென்மையான ரப்பரால் ஆனவை. வெட்டுகள் இல்லாமல் அல்லது மிகக் குறைந்த வெட்டுகளுடன் இருக்கும். தளர்ந்த பக்கச்சுவரும் குறைந்த காற்றழுத்தமும் கொண்டு தரையில் அகலமாகப் படியும். பந்தயத்திற்கு முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றி அவற்றைச் சூடேற்றுவர். 1990 இல் திறக்கப்பட்ட, திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இவ்வகைப் பந்தயங்கள் நடந்துள்ளன. இவ்வினத்தில் சாலைக்கு ஒப்புதல் பெற்ற டயர்களும் உண்டு. ஆனால் சூடேறாத நிலையில் அவற்றின் பிடிமானம் குறைவு. மழையில் நீரை வெளியேற்ற வழியில்லாமல் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும். தேய்மானமும் மிக விரைவு. அமெரிக்க முறையில் டயரில் பொறிக்கப்படும் தேய்மான எண், சாதாரணக் கார் டயர்களில் சில நூறாக இருக்க, இவ்வகையில் சிலவற்றில் சுழியமாக உள்ளது.

டிராக் டயரும் ஆர்-2 டயரும் தோற்றத்தில் நேரெதிர்: ஒன்று முற்றிலும் வழவழப்பானது, மற்றது முற்றிலும் கட்டைகளால் ஆனது. எனினும் இரண்டும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. ஒரு தரைக்காக உச்சப் பிடிமானம் தரும்படி அமைக்கப்பட்ட டயர், அத்தரையை விட்டு விலகியதும் சாதாரண டயரை விடத் தாழ்ந்துவிடுகிறது.

## தெரிவு செய்தல்

### பணி நேரத்தைக் கணக்கிடுதல்

டயரைத் தெரிவு செய்வதில் முதல் அளவுகோல், ஓராண்டில் டிராக்டர் எந்தத் தரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதாகும். மிகக் கடினமான சேற்று நாளை மட்டும் எண்ணி டயர் வாங்கினால் ஆண்டின் மற்ற நாட்களில் இழப்பு ஏற்படும். பொதுவான வழிகாட்டல் பின்வருமாறு:

* சாலை ஓட்டமும் புழுதி உழவும் மிகுதி, சேற்று உழவு ஆண்டுக்குச் சில நாட்கள்: ஆர்-1 டயர், சேற்று நாட்களுக்கு மட்டும் அரைக் கூண்டுச் சக்கரம்.
* சேற்று உழவும் சாலை ஓட்டமும் ஏறத்தாழச் சமம்: ஆர்-1 டபிள்யூ அல்லது அகலம் கூடிய ஆர்-1, களிமண்ணாயின் அரைக் கூண்டும் வேண்டும்.
* வாடகைக்குச் சேற்று உழவு மட்டுமே செய்யும் டிராக்டர், சாலை ஓட்டம் மிகக் குறைவு: ஆர்-2.
* தென்னந்தோப்பு, மணற்பாங்கான நிலம், டிரெய்லர் ஓட்டம்: ஆர்-1 உடன் எடைச் சேர்ப்பு.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. ஆண்டில் மிகச் சில நாட்களே சேற்று உழவு தேவைப்படும் உழவர், அந்நாட்களுக்கு வாடகை இயந்திரத்தை நாடித் தம் டிராக்டரில் சாலைக்கும் ஏற்ற டயரை வைத்துக்கொள்வதும் ஒரு வழியாகும்.

### அளவைப் படித்தல்

டயரின் பக்கச்சுவரில் 13.6-28 என்று பொறிக்கப்பட்டிருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம் (ஏறத்தாழ 34.5 செ.மீ.), சக்கர வளையத்தின் விட்டம் 28 அங்குலம் (71 செ.மீ.) என்பது பொருள். இந்தியாவில் 12.4-28, 13.6-28, 14.9-28 ஆகியன பரவலான பின்சக்கர அளவுகள். வேகக் குறியீடு ஏ6 எனில் மணிக்கு 30 கி.மீ., ஏ8 எனில் 40 கி.மீ. வரை ஓட்டலாம். பி.ஆர். என்ற எழுத்துகளுடன் வரும் எண் டயரின் சுமை தாங்கும் வலிமையைக் குறிக்கும். டிராக்டர் தயாரிப்பாளர் பரிந்துரைக்காத அகலத்திற்கு மாறினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும். நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன், பின் சக்கரங்களின் சுழற்சி விகிதமும் கெடும்.

### காற்றும் நீரும்

பின்சக்கரத்திற்கு வயலில் பொதுவாக 12 முதல் 16 பவுண்டு வரை காற்று வைக்கப்படுகிறது. குறைந்த காற்றில் டயர் அகலமாகப் படிந்து பரப்பு கூடுகிறது. டிரெய்லரில் சுமையுடன் சாலைக்குச் செல்லும்போது, டயர் தயாரிப்பாளர் அச்சுமைக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் காற்றைக் கூட்ட வேண்டும். வயலுக்கு வைத்த காற்றுடனேயே சாலையில் ஓட்டுவது டயரின் பக்கச்சுவர் வெடிப்பதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

எடை சேர்ப்பதற்காக டயருக்குள் முக்கால் பங்கு வரை நீர் நிரப்பும் முறை உண்டு. இது மணற்பாங்கான நிலத்திற்கும் புழுதி உழவுக்கும் பயன்படும். சேற்று உழவுக்கு முன் இந்நீரையும் சக்கரத்தில் பூட்டிய இரும்பு எடைகளையும் நீக்கிவிடுவதே முறை.

### சறுக்கலை அளத்தல்

பொருத்திய டயர் அந்த வயலுக்குப் போதுமானதா என்பதை எளிய சோதனையால் அறியலாம். டயரில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளம் இட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றில் கடக்கும் தொலைவை அளக்க வேண்டும். பின்னர் கலப்பையை இறக்கி உழும்போது பத்துச் சுற்றில் கடக்கும் தொலைவை அளக்க வேண்டும்.

சறுக்கல் விழுக்காடு = (முதல் தொலைவு − இரண்டாம் தொலைவு) ÷ முதல் தொலைவு × 100

எடுத்துக்காட்டாக, முதல் தொலைவு 40 மீட்டர், இரண்டாம் தொலைவு 34 மீட்டர் எனில் சறுக்கல் 15 விழுக்காடு. புழுதி உழவில் 10 முதல் 15 விழுக்காடு வரையிலான சறுக்கல் இயல்பானது. சேற்றில் இது கூடும். முதல் தொலைவு 40 ஆக இருந்து இரண்டாவது 28 ஆகக் குறைந்தால், பத்துச் சுற்றில் மூன்று சுற்றுக்கான டீசல் வீணாகிறது. டயரோ கூண்டோ மாற்றப்பட வேண்டும், அல்லது கலப்பையின் ஆழம் குறைக்கப்பட வேண்டும்.

## சாலைப் பாதுகாப்பு

காவிரிப் படுகையின் சாலைகள் பலவும் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை வழியே செல்பவை, குறுகலானவை, ஓரத்தில் தடுப்பு இல்லாதவை. அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கும் அரவை ஆலைகளுக்கும் செல்லும் டிரெய்லர்கள் இச்சாலைகளில் இரவிலும் ஓடுகின்றன. பின்வருவன கவனிக்கத்தக்கவை.

* கூண்டுச் சக்கரத்துடன் தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. வண்டியின் எடை முழுவதும் மெல்லிய இரும்புப் பட்டைகளின் வழியே இறங்குவதால் சாலை கொத்தப்பட்டதுபோல் சிதைகிறது. இரும்புக்கும் தாருக்கும் இடையே பிடிமானமும் மிகக் குறைவு. அரைக் கூண்டின் விட்டம் டயரை விடச் சிறிதாக இருந்தாலும் மேடு வரும்போது இரும்பு தரையில் படும். வண்டியின் அகலமும் கூடிவிடுவதால் எதிரே வருவோருக்கு இடம் இராது. கூண்டை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வயல் ஓரத்தில் பொருத்துவதே முறை.
* டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புவதற்கு உதவும் இவ்வமைப்பு சாலையில் ஆபத்தானது. சாலையில் ஏறுமுன் இரு மிதிகளையும் அவற்றுக்குரிய கொக்கியால் இணைக்க வேண்டும். இல்லையெனில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி வாய்க்காலுக்குள் திரும்பிவிடும்.
* டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாதபோது முழுச் சுமையையும் நிறுத்துவது டிராக்டரின் பின் டயர்களே. கட்டைகளில் ஒட்டிய சேறு சாலையில் மசகுபோல் செயல்படும். வயலிலிருந்து ஏறியதும் கட்டைகளைச் சுத்தம் செய்வது தம் வண்டிக்கும் பின்னால் வரும் இருசக்கர வாகனங்களுக்கும் பாதுகாப்பு.
* சேற்றில் புதைந்த டிராக்டரை முன்னோக்கி இழுக்க முயன்று, சக்கரத்துடன் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுவது உயிருக்கு ஆபத்தானது. சக்கரம் சுழல முடியாதபோது, இயந்திரத்தின் விசை டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். பின்னோக்கி ஓட்டி வந்த தடத்திலேயே வெளியேற முயல்வதும், அது இயலாதபோது வேறொரு டிராக்டரால் இழுப்பதுமே பாதுகாப்பான வழிகள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, வாகனங்களின் டயர்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என வலியுறுத்துகின்றன.

## வயலுக்கு ஏற்படும் விளைவுகள்

பிடிமானம் கூடிய டயரால் வயலுக்கும் விலை உண்டு. மழையில் ஊறிய தாளடி வயலில் உயர்ந்த கட்டைகள் கொண்ட கனமான டிராக்டர் மீண்டும் மீண்டும் சுழன்றால் அடித்தட்டு உடைகிறது. உடைந்த இடத்தில் நீர் நிற்காது. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் டிராக்டர் மேலும் ஆழமாகப் புதையும். ஒருமுறை புதைந்த இடம் ஆண்டுதோறும் புதைகுழியாகத் தொடர்வது இதனாலேயே.

அறுவடையிலும் இது வெளிப்படுகிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கும் வழக்கம் படுகையில் நெடுங்காலமாக உள்ளது. எஞ்சிய ஈரத்தில் முளைக்கும் இப்பயிர் சிறு உழவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வருவாய். டயர் வகை அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கினால் ஆழமான சக்கரத் தடங்கள் விழுந்து இளஞ்செடிகள் மண்ணில் அழுந்துகின்றன. பெல்ட் வகை இயந்திரத்தின் வாடகை கூடுதலாக இருந்தும், பயறு தெளித்த வயலுக்கு உழவர்கள் அதனை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

## பராமரிப்பு

* கட்டைகள் கூரை வடிவில் இரு பக்கமும் சாய்ந்திருக்கும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது அவற்றின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். மாற்றிப் பொருத்தினால் சேறு வெளியேறாமல் கட்டைகளுக்கிடையே அடைத்துக்கொண்டு, டயர் வழவழப்பான உருளையாகிவிடும்.
* சாலை ஓட்டத்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் இடைவெளியையும் காற்றின் அளவையும் சரிபார்க்க வேண்டும்.
* பின் டயர்கள் இரண்டையும் ஒருசேர மாற்றுவது நல்லது. ஒன்று புதிதாகவும் மற்றது தேய்ந்தும் இருந்தால் சேற்றில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
* டீசலும் மசகு எண்ணெயும் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். பட்டவுடன் கழுவ வேண்டும்.
* கோடையில் டிராக்டர் நீண்ட நாள் நிற்குமானால் நிழலில் நிறுத்துவது பக்கச்சுவர் வெடிப்பைக் குறைக்கும்.

## இவற்றையும் பார்க்க

* உழவு
* நெல்
* காவிரி ஆறு
* மேட்டூர் அணை
* கல்லணைக் கால்வாய்
* பவர் டில்லர்
* உராய்வு